பழைய காரில் வைசர் உட்காரவில்லையா? அறிகுறி பார்த்துச் சரி செய்யும் வழி

எங்கள் வீட்டு அம்பாசிடர் 1994 மாடல் டீசல் வண்டி. ஏசி கிடையாது. குன்னூரில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால், நான்கு பேர் ஏறி உட்கார்ந்த இரண்டாவது நிமிடமே முன்கண்ணாடியின் உள்பக்கம் பால் ஊற்றியதுபோல மூடிவிடும். ஒரு கையால் துடைத்துக்கொண்டே பர்லியார் வரை இறங்குவது எவ்வளவு ஆபத்து என்று இந்த மலையில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். பக்கக் கண்ணாடியை இரண்டு விரல் அகலம் இறக்கினால் ஈரக்காற்று வெளியே போய்விடும். ஆனால் மழை தோளில் விழும். அதற்குத்தான் வைசர்: பக்கக் கண்ணாடிக்கு மேலே கதவுச் சட்டத்தில் ஒட்டும் நீளமான பிளாஸ்டிக் மறைப்பு. இங்கே அது அலங்காரப் பொருள் இல்லை.

அம்பாசிடர் தயாரிப்பு 2014-இல் நின்றுவிட்டது. அதற்கென்றே அச்சில் வார்த்த வைசர் எனக்குக் கிடைக்கவில்லை. கோயம்புத்தூரில் வேறொரு காருக்கான நான்கு துண்டு செட்டை, நீளமும் வளைவும் ஓரளவு கிட்டே வருகிறது என்று பார்த்து வாங்கிவந்தேன். கடைக்காரர் ‘டேப் இருக்கு சார், அப்படியே ஒட்டிடலாம்’ என்றார். அப்படியே ஒட்டினேன். மார்கழி மாதம், சாயங்காலம் ஆறு மணி. மூன்றாம் நாள் மேட்டுப்பாளையம் இறங்கும்போது டிரைவர் பக்கத்து வைசர் பிய்த்துக்கொண்டு பின்னால் பறந்தது. பின்னால் பைக் எதுவும் வரவில்லை. வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டாம். உங்கள் வண்டியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். டேப் ஒட்டுவதற்கு முன்னால் வைசரைக் கதவில் வைத்து, இரண்டு விரலால் லேசாகத் தொட்டுக்கொண்டாலே அது முழு நீளமும் படிய வேண்டும். அழுத்திப் பிடித்தால்தான் படிகிறது என்றால் வைசரில் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. எந்த டேப்பும் அதைத் தாங்காது.

வைசர் தூக்கிக்கொண்டு நிற்கிறது, அல்லது கழன்றே வந்துவிட்டது

கழன்ற வைசரைத் துடைத்துவிடாதீர்கள். டேப் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். காரணம் அதிலேயே இருக்கிறது.

டேப் முழுவதும் வைசரோடு வந்து கதவு சுத்தமாக இருந்தால், கோளாறு கதவுப் பக்கம். பாலிஷ், மெழுகு, ஈரம், குளிர் இந்த நான்கில் ஒன்று. டேப் கதவிலேயே நின்று வைசர் மட்டும் வந்திருந்தால், வைசரின் ஒட்டும் விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்திருக்கிறது. டேப்பின் நடுவில் உள்ள நுரையே கிழிந்து பாதி இங்கேயும் பாதி அங்கேயும் இருந்தால், டேப் தன் வேலையைச் செய்திருக்கிறது; வைசர்தான் விறைத்துக்கொண்டு இழுத்திருக்கிறது. அப்படியானால் புது டேப் வாங்கிப் பயனில்லை, அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

என் வண்டியில் நடந்தது குளிர். இந்த வகை அக்ரிலிக் நுரை டேப் ஒட்டுவதற்கு ஏற்ற வெப்பநிலை 21 முதல் 38 டிகிரி வரை. 10 டிகிரிக்குக் கீழே பசை இறுகிக் கெட்டியாகிவிடும், தகரத்தின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் பாயாது. தொட்டால் ஒட்டியதுபோலத்தான் இருக்கும். மார்கழி சாயங்காலம் குன்னூரில் வெளியே நிற்கும் வண்டியின் தகரம் கை வைத்தாலே சில்லென்று இருக்கும். தலைக்குந்தா, காந்தல் பக்கம் உறைபனியே விழுகிற மாதம் அது. சமவெளியில் சரியாக ஒட்டும் அதே டேப் மலையில் ஒட்டாமல் போவதற்கு இதுதான் முதல் காரணம்.

இன்னொன்று நேரம். நல்ல அறை வெப்பத்தில் கூட 20 நிமிடத்தில் பாதிப் பிடிப்புதான் வரும். 24 மணி நேரத்தில் 90 சதவீதம். முழுப் பிடிப்புக்கு 72 மணி நேரம். குளிரில் இது இன்னும் இழுக்கும். ஒட்டிய கையோடு மலை இறங்குவது தப்பு. மூன்று நாள் வண்டியை நனையாத இடத்தில் நிறுத்த முடிகிற வாரமாகப் பார்த்து வேலையைத் தொடங்குங்கள். மாசி, பங்குனி நல்லது.

மறுபடி ஒட்டும் முறை இது. கதவில் மிச்சமிருக்கும் பழைய டேப்பை ஹேர் டிரையரால் சூடாக்கி, தூண்டில் நரம்பை இரு கையிலும் சுற்றி ரம்பம்போல இழுத்து அறுங்கள். மிச்சப் பசையைக் கட்டை விரலால் உருட்டி எடுங்கள். கதவில் மட்டும் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கலாம். அப்புறம் சோப்புத் தண்ணீர், அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்த துணி. வைசரில் மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் எதுவும் படவே கூடாது, சோப்புத் தண்ணீர் மட்டும். கதவுச் சட்டத்தை ஹேர் டிரையரால் உள்ளங்கைச் சூடு வரும்வரை காயவைத்து, வைசரையும் டேப்பையும் அடுப்படியில் கொஞ்ச நேரம் வைத்திருந்து எடுத்து ஒட்டுங்கள். முதலில் நடு, அப்புறம் இரு பக்கம். ஒவ்வொரு அங்குலத்தையும் கட்டை விரல் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்துங்கள். இந்த டேப் அழுத்தத்தில்தான் ஒட்டும். மேலே தடவிவிட்டால் போதாது.

பழைய வண்டிகளில் இன்னொரு ஏமாற்றம் உண்டு. டேப் பெயர்ந்து வரும்போது அதனுடன் பெயிண்டும், அதற்குக் கீழே பள்ளத்தை நிரப்பப் பூசிய பட்டியும் தகடுபோல வந்துவிடும். அது டேப்பின் குற்றமில்லை; முன்பு யாரோ துருவை எடுக்காமல் பட்டி பூசியிருக்கிறார்கள். என் பின்கதவில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வந்தது. அதன்மேலேயே மறுபடி ஒட்டாதீர்கள். துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, பெயிண்ட் அடித்து, பெயிண்ட் நன்றாக இறுகும்வரை சில வாரம் விட்டு அப்புறம் ஒட்டுங்கள். புது பெயிண்டின் மேல் உடனே ஒட்டினால் டேப்பும் பிடிக்காது, பெயிண்டும் நிற்காது.

இரு முனையும் படிகிறது, நடு தூக்குகிறது. அல்லது நடு படிந்தால் முனை தூக்குகிறது

வேறு காரின் வைசர் என்பதால் இது வந்தே தீரும். எனக்குப் பழக்கமான டிங்கர் அண்ணன் ஒருவர் காட்டிய சோதனை இது. கதவுச் சட்டத்தில் சாக்பீஸை நன்றாகத் தேய்த்தார். வைசரை அதன் மேல் வைத்து ஒரு தட்டுத் தட்டி எடுத்தார். திருப்பிப் பார்த்தால் ஒட்டும் விளிம்பில் முன்னால் நான்கு விரல் நீளமும் பின்னால் இரண்டு விரல் நீளமும்தான் வெள்ளை. நடுவில் ஒன்றுமே இல்லை. அப்புறம் ஒரு பஸ் டிக்கெட்டை நீளவாக்கில் மடித்து அந்த இடைவெளியில் நுழைத்தார். ஒரு மடிப்பு போனது, இரண்டு மடிப்பு போனது, நான்கு மடிப்பும் போனது. ‘தம்பி, இவ்வளவு இடைவெளியை டேப் ரொப்பாது. வைசரை வளைக்கணும்’ என்றார்.

கணக்கு எளிது. டேப்பின் தடிமனில் பாதி அளவு இடைவெளியைத்தான் அது ஈடுகட்டும். வைசரோடு வரும் டேப் சுமார் 1 மி.மீ. என்றால், அரை மி.மீ. வரை விடலாம். அதற்கு மேல் இருந்தால் வளைக்க வேண்டும். டேப்பை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டி இடைவெளியை நிரப்பலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள். காற்று வைசரை அசைக்கும்போது அடுக்குக்கு அடுக்கு விட்டுக்கொடுக்கும்.

வளைப்பதற்கு முன்னால் அது என்ன பிளாஸ்டிக் என்று தெரிய வேண்டும். நீளத்துக்காக வெட்டி எறியும் துண்டை வைத்துப் பாருங்கள். கண்ணாடிபோலப் படக்கென்று உடைந்தால் அக்ரிலிக். மடியும் இடத்தில் வெளுத்தால் ஏபிஎஸ். எவ்வளவு மடக்கினாலும் உடையாமல் முறுக்கிக்கொண்டு நின்றால் பாலிகார்பனேட். துணிபோலத் துவண்டால் பிவிசி.

கொதிக்கும் தண்ணீரில் முக்கி வளைக்கலாம் என்று பலரும் சொல்வார்கள். பிவிசிக்கு அது சரி, அது 80 டிகிரியிலேயே இளகிவிடும். அக்ரிலிக் அப்படியில்லை. அது 100 டிகிரியைத் தாண்டினால்தான் இளகத் தொடங்கும். நன்றாக வளைய 150 டிகிரி பக்கம் வேண்டும். கடல்மட்டத்திலேயே கொதிநீர் போதாது. 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. குக்கர் இல்லாமல் இங்கே பருப்பு வேக நேரமாவதும் அதனால்தான். ஆக, சுடுதண்ணீரில் முக்கிப் பலவந்தமாக வளைத்தால் அக்ரிலிக் அப்போதைக்கு வளைந்ததுபோல இருக்கும். ஆறியதும் பழைய வடிவத்துக்குத் திரும்பும், அல்லது உள்ளே இழுவிசையோடு நின்று ஒரு நாள் விரிசல் விடும். சூடான காற்றை ஊதும் ஹீட் கன் வேண்டும். வாடகைக்கோ, கேட்டு வாங்கியோ ஒரு நாளைக்குப் போதும்.

கதவில் வைத்துச் சூடாக்காதீர்கள். பெயிண்ட் கொப்பளிக்கும், ரப்பர் பீடிங் சுருங்கும், குளிர்ந்த கண்ணாடி உடையவும் கூடும். கதவு மேல்விளிம்பின் வளைவைக் கெட்டி அட்டையில் வரைந்து வெட்டி, அதைப் பிளைவுட்டில் படி எடுத்து, விளிம்பில் பழைய கம்பளித் துணியைச் சுற்றி ஆணி அடித்துக்கொள்ளுங்கள். இதுதான் அச்சு. நான்கு கதவுக்கும் ஒரே அச்சு போதும் என்று நினைக்காதீர்கள். முப்பது வருடம் ஓடிய வண்டியில் வலது கதவும் இடது கதவும் ஒன்றாக இருக்காது. என் வண்டியில் முன்கதவுகள் இரண்டுக்கும் நடுவளைவில் 4 மி.மீ. வித்தியாசம் இருந்தது.

வைசரிலிருந்து டேப்பை முழுக்க எடுத்துவிட்டு, ஹீட் கன்னை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். ஒரே இடத்தில் நின்றால் குமிழ் விடும். மழைக்காலத்தில் பாலிகார்பனேட் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், அதனால் இன்னும் சீக்கிரம் குமிழ் விடும்.  வைசர் தன் எடையிலேயே லேசாகத் தொய்யும் கணம் ஒன்று வரும். அப்போது தடித்த கையுறையோடு எடுத்து அச்சின்மேல் படுக்கவைத்து, துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். தண்ணீர் ஊற்றி ஆறவைக்காதீர்கள். மெதுவாக ஆறினால்தான் உள்விறைப்பு இல்லாமல் நிற்கும். அப்புறம் மறுபடி சாக்பீஸ். எனக்கு ஒரு துண்டுக்கு மூன்று முறை ஆனது. விளிம்பு முழுவதும் கோடு போட்டதுபோல வெள்ளை விழுந்தபோது கிடைத்த திருப்தியைச் சொல்லி முடியாது.

நீளவாட்டு வளைவு சரியாகியும் சாக்பீஸ் விளிம்பின் ஓர் ஓரத்தில் மட்டும் மெல்லிய கோடாக விழுகிறது என்றால், சட்டம் உருண்டை, விளிம்பு தட்டை. அம்பாசிடரில் இதைப் பார்ப்பீர்கள். விளிம்பை மட்டும் சூடாக்கி, சட்டத்தின் சாய்வுக்கு ஏற்றபடி லேசாகத் திருப்ப வேண்டும்.

வெட்டிய இடத்தில் அல்லது துளையில் விரிசல்

பிளேடை மாற்றாமல் விரிசல் நிற்காது. அங்குலத்துக்கு 32 பல் உள்ள ஹேக்சா பிளேடு, இரு பக்கமும் மாஸ்கிங் டேப், கீழே மரப்பலகை. வெட்டிய பிறகு மெல்லிய அரம், அப்புறம் 220, 400, 800 உப்புத்தாள். உள்மூலை எதுவும் கூராக இருக்கக் கூடாது. கூர்மூலையில்தான் விரிசல் பிறக்கும். முதலில் அந்த மூலையில் சிறு துளை போட்டு, அந்தத் துளைவரை வெட்டி நிறுத்துங்கள். ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தால் அதன் நுனியில் 3 மி.மீ. துளை போட்டால் மேலே ஓடாது. துளை போடும்போது சாதாரண டிரில் பிட் அக்ரிலிக்கைக் கவ்வி உடைத்துவிடும். பிட்டின் வெட்டும் முனையைச் சாணைக்கல்லில் லேசாக மழுக்கி, மெதுவான வேகத்தில் போடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

திருகு போட்ட வைசரில் சில மாதம் கழித்து விரிசல் வந்தால், காரணம் இந்த மலைப் பாதைதான். அக்ரிலிக், இரும்பைவிடப் பல மடங்கு விரியும். 80 செ.மீ. நீள வைசர், ஊட்டி விடியற்காலையிலிருந்து மேட்டுப்பாளையம் மதிய வெயிலுக்கு இறங்கும்போது 40 டிகிரி சூடு ஏறினால் 2 மி.மீ.க்கு மேல் நீளும். கதவுத் தகரம் அரை மி.மீ.கூட நீளாது. டேப் அந்த வித்தியாசத்தை இழுபட்டுத் தாங்கும். இறுக்கிய திருகு தாங்காது. திருகு போட்டே ஆக வேண்டுமென்றால் துளையை நீளவாட்டில் முட்டை வடிவமாக அரத்தால் அகட்டி, ரப்பர் வாஷர் வைத்து, கை இறுக்கத்தோடு விட்டுவிடுங்கள்.

கதவு திறக்கும்போது ‘கடக்’ என்று இடிக்கிறது

அம்பாசிடர், பத்மினி, ஆம்னி மாதிரி வண்டிகளில் கூரை ஓரமாக மழைத்தண்ணீர் ஓட ஒரு தகர ஓடை இருக்கும். புதிய கார்களில் அது வெளியே தெரியாது. அதனால் புதிய கார் வைசரின் ஒட்டும் விளிம்பு உயரமாக இருக்கும். உங்கள் வண்டியில் அது ஓடையின் அடிவிளிம்பில் போய் இடிக்கும்.

எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளக்கச் சப்பாத்தி மாவு போதும். விரல் தடிமனுக்கு உருட்டி, கதவுச் சட்டத்தின் மேல்விளிம்பில் ஐந்தாறு இடத்தில் வைத்து, கதவை மெதுவாக மூடித் திறங்கள். நசுங்கிய மாவின் தடிமன்தான் உங்களுக்கு இருக்கும் இடம். அதில் 3 மி.மீ. கழித்துக்கொண்டு வைசரின் விளிம்பை அரத்தால் குறையுங்கள். ஆனால் அதற்கு முன்னால் திறந்த கதவின் நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கீல் பின் தேய்ந்திருக்கிறது. அதை மாற்றிய பிறகுதான் அளவு எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தொங்கிய கதவுக்கு அளவெடுத்து, கீல் சரி செய்ததும் மறுபடி இடிக்கும்.

ஓடையில் இடிக்காமல் கீலுக்குப் பக்கத்தில் இடித்தால், வைசரின் முன்நுனி கதவைத் தாண்டி, கூரையைத் தாங்கும் பில்லர்மேல் நீண்டிருக்கிறது. கதவு விளிம்பிலிருந்து 5 மி.மீ. உள்ளே வருமாறு வெட்டிவிடுங்கள். வைசரைக் கதவில் ஒட்டாமல் ஓடையிலேயே மாட்டிவிடலாமே என்று எனக்கும் ஒரு யோசனை வந்தது. அப்படிச் செய்தால் கதவைத் திறக்கும்போது கதவே வைசரைத் தள்ளி உடைத்துவிடும்.

முன்கதவின் முக்கோணக் கண்ணாடி திறக்கவில்லை

பழைய வண்டிகளின் அருமையான வசதி அந்தச் சின்னக் கண்ணாடி. அதைத் திறந்தால் ஒரு விளிம்பு வெளியே வரும், அங்கே வைசர் தடுக்கும். நான் முன்வைசரை, அந்தச் சின்னக் கண்ணாடிக்கும் பெரிய கண்ணாடிக்கும் நடுவில் உள்ள கம்பியோடு வெட்டி நிறுத்திவிட்டேன். சிலர் முழு நீளத்தையும் வைத்துக்கொண்டு முக்கோணக் கண்ணாடியை நிரந்தரமாக மூடிவிடுகிறார்கள். அது வேண்டாம். முன்கண்ணாடியில் ஆவி படியும்போது அதுதான் முதலில் உதவும். வெட்டுமுனையை நேராக விடாமல், கீழ்நுனியைப் பின்னோக்கிச் சாய்த்து உருட்டிவிடுங்கள்.

மழையில் ஒழுகுகிறது

மேடு ஏறும்போது ஒழுகுகிறதா, இறக்கத்தில் ஒழுகுகிறதா என்று முதலில் கவனியுங்கள். ஓடையில் நிற்கும் தண்ணீர் இறக்கத்தில் பிரேக் போட்டதும் மொத்தமாக முன்னால் ஓடி, முன்பில்லர் பக்கம் கொட்டும். மேட்டில் பின்னால் போகும். ஆகவே இறக்கத்தில் மட்டும் டிரைவர் தோளில் சொட்டினால், முன்வைசரின் முன்முனையில் டேப் விட்டுப்போயிருக்கிறது. ஏற்றத்தில் மட்டும் பின்சீட்டில் சொட்டினால், பின்வைசரின் கடைசி. இரண்டிலும் சொட்டினால் டேப் துண்டுகள் சேரும் இடத்தில் சந்து இருக்கிறது. ஒரே துண்டாக ஒட்ட வேண்டும்.

சந்தை சிலிக்கான் வைத்து அடைக்கலாம். ஆனால் வினிகர் வாசனை வருகிற மலிவு சிலிக்கான் வேண்டாம். அது காயும்போது அமிலம் விடும், பெயிண்ட் போன இடத்தில் துருவைத் தூண்டும். நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள். வைசரின் கீழ்விளிம்பை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள்.

சத்தம்

நின்றிருக்கும்போது, டீசல் இன்ஜின் நடுக்கத்தில் ‘ட்ர்ர்’ என்று வந்தால் வைசர் எங்கேயோ கண்ணாடியையோ பீடிங்கையோ தொட்டுக்கொண்டிருக்கிறது. பஸ் டிக்கெட்டை நுழைத்து நகர்த்திக்கொண்டே போனால் மாட்டும் இடம்தான் அது. உள்பக்கம் தொடாத அளவுக்கு லேசாகத் தேயுங்கள். ஓட்டத்தில் மட்டும் விசில் வந்தால் முன்முனையில் சந்து. அங்கே மெல்லிய ரப்பர் விளிம்புப் பட்டை மாட்டினால் போய்விடும். வேகத்தில் படபடத்தால் நடுப்பகுதிக்குப் பிடிமானம் போதவில்லை; ஸ்டெயின்லெஸ் தகட்டில் ஒரு சின்னக் கொக்கி செய்து, கண்ணாடி ஓடும் வாய்க்காலின் விளிம்பில் மாட்டிக்கொள்ளலாம்.

கண்ணாடி மேலே ஏற முரண்டு பிடிக்கிறது

வாய்க்காலுக்குள் செருகும் வகை வைசரை வாங்கியிருக்கிறீர்கள். பழைய வண்டியில் கண்ணாடி ஓடும் வாய்க்காலில் வெல்வெட் பீடிங் இருக்கும், அதில் கூடுதல் தடிமனுக்கு இடமே இல்லை. பலத்தைப் போட்டுச் சுற்றினால் உள்ளே இருக்கும் ஏற்றி இறக்கும் பல்சக்கரம் தேயும். கழற்றிவிட்டு வெளியே ஒட்டும் வகைக்கு மாறுங்கள்.

வைசர் முழுக்க வலைபோல மயிர்க்கீறல்

பெட்ரோலோ தின்னரோ தொட்டிருக்கிறது. திரும்பாது. மாற்றத்தான் வேண்டும்.

வைசர் நன்றாக இருக்கிறது, ஆவி மட்டும் போகவில்லை

ஒரே கண்ணாடியை இறக்கினால் காற்று ஓடாது. டிரைவர் பக்க முன்கதவுக் கண்ணாடியும், எதிர்மூலையில் இடது பின்கதவுக் கண்ணாடியும் இரண்டு விரல் இறக்குங்கள். காலடியில் உள்ள விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். அதற்கு அடியில் உள்ள சணல் நனைந்திருந்தால் எவ்வளவு காற்று விட்டாலும் ஆவி வந்துகொண்டேதான் இருக்கும்.

வளைவில் பார்வை மறைக்கிறது

இதை யாரும் கோளாறாகவே எண்ணுவதில்லை. மேட்டுப்பாளையம் – குன்னூர் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு 36. இந்த வளைவுகளில் முன்கண்ணாடியைப் பார்த்து ஓட்ட முடியாது. தலையைச் சாய்த்து, பக்கக் கண்ணாடியின் மேல்பகுதி வழியாக மேலேயிருந்து இறங்கும் பஸ்ஸைத் தேட வேண்டும். சரியாக அந்த இடத்தில்தான் வைசர் உட்கார்ந்திருக்கிறது.

அதனால் கறுப்பு வைசர் வேண்டாம், லேசான புகை நிறம் போதும். பக்கக் கண்ணாடி வழியாக 50 சதவீதமாவது, முன், பின் கண்ணாடி வழியாக 70 சதவீதமாவது வெளிச்சம் போக வேண்டும் என்று மோட்டார் வாகன விதி 100 சொல்கிறது. 2012-இல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமையே தடுத்தது. வைசர் கண்ணாடி இல்லைதான், ஆனால் மறைப்பு மறைப்புதான்.

அகலத்தைக் குறைக்க அளவு எடுப்பது இப்படி. மேடான ஒரு வளைவுக்குக் கீழே, ஓரமாகப் பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி, உங்கள் வழக்கமான சீட் நிலையில் உட்காருங்கள். ஒருவரை மேலே உள்ள பாதையின் ஓரத்தில் நிற்கச் சொல்லுங்கள். தலையைச் சாய்க்காமல் அவரைப் பாருங்கள். வைசர் எங்கே அவரை மறைக்கிறதோ அங்கே கிரேயான் பென்சிலால் கோடு போட்டு, அதற்கு மேல் ஒரு விரல் தள்ளி வெட்டுங்கள். என் வண்டியில் முன்பகுதி அகலம் பாதியாகக் குறைந்து, பின்னால் போகப்போக அகலமாகும் வாள் வடிவம் வந்தது. இடது கதவுக்கு அதே வடிவத்தைத் திருப்பி வைக்காதீர்கள். டிரைவர் சீட்டிலிருந்து அந்தக் கண்ணாடி தூரத்தில் இருப்பதால் வைசர் மறைக்கும் இடமும் வேறு. அதற்குத் தனியாக ஒரு முறை உட்கார்ந்து கோடு போடுங்கள்.